முன்பணமும் நம் இளைஞரும்

பொருளைப் பற்றி மாணாக்கர் எழுதுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். ஈட்டத் தொடங்காதவனுக்குச் சேமிப்பைப் பற்றிப் பேச என்ன உரிமை என்றும் கேட்கலாம். நீந்தக் கற்க வேண்டுவது ஆற்றில் விழுமுன்னரேயன்றோ? ஆதலின், கல்லூரி வாயிலைக் கடந்து முதல் மாதச் சம்பளத்தை எதிர்நோக்கி நிற்கும் நம்மனோர் இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்தல் நலமென்றே கருதுகிறேன்.

இக்காலத்து இளைஞர் ஊதாரிகள் என்பது பெரியோர் பலரும் கூறும் குறை. அதனை யான் முழுதும் ஒப்பேன். மறைமலை நகரிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் பேருந்தேறிச் செல்லும் இளைஞருட் பலர், சம்பளத்தில் ஒரு பகுதியைத் தங்கையின் படிப்புக்கும், மற்றொரு பகுதியைத் தந்தை பட்ட கடனுக்கும் அனுப்பிவிட்டு, எஞ்சியதைக் கொண்டு அறை வாடகையும் உணவும் பார்ப்பவர். அவர்களை வீண்செலவுக்காரர் என்பது அறமாகாது. ஆயினும், நம்மிடையே ஒரு வழக்கம் பரவி வருதலை மறுத்தற்கில்லை. அது நாளைய கூலியை இன்றே உண்ணும் வழக்கம். அதற்கு நம் நாட்டில் வழங்கும் பழம்பெயர் 'முன்பணம்' என்பது.

முன்பணம் மனிதனை என்ன செய்யும் என்று அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. இம்மாவட்டத்தைச் சூழ்ந்த செங்கற் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருளர் குடும்பங்கள் பல, சில ஆயிரம் ரூபாய் முன்பணத்திற்காக ஆண்டுக்கணக்கிற் கட்டுண்டு உழைத்தன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் அதிகாரிகள் சென்று அவர்களை மீட்க நேர்ந்தது பலமுறை. வாங்கிய தொகை எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, இன்னும் எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்ற கணக்கு முழுதும் முதலாளியின் கையிலேயே இருந்தது. அதுவே அவர்களைக் கட்டிய கயிறு.

கடற்கரைக்குச் செல்வோம். கோவளம் முதற் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களில், வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் பெற்றவர் தாம் பிடித்த மீனை அம்முன்பணம் தந்தவரிடமே கொடுக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு தமிழகக் கரையெங்கும் உள்ளதுபோலவே காணப்படும். விலை கூறும் உரிமை வாங்குவோனிடம் போய்விடுகின்றது. சென்ற விடுமுறையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் முதிய மீனவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "தம்பி, கடல் பன்னிரண்டு மாதமும் கொடுக்காது. கொடுக்காத மாதத்துக்குக் கொடுத்த மாதத்திலேயே எடுத்து வைக்கணும். நான் வைக்கவில்லை, அதனால் என் மீனுக்கு வேறொருவன் விலை சொல்கிறான்" என்றார் அவர். பொருள் நூல்கள் பல படித்தும் யான் அறியாததொன்றை அன்று அறிந்தேன்.

அம்முதியவர் கூறியதை அடிப்படையாகக் கொண்ட திட்டம் ஒன்றும் நடைமுறையில் உண்டு. கடல் மீனவர் ஒருவர் 1,500 ரூபாய் சேமித்தால், மத்திய மாநில அரசுகள் 3,000 ரூபாய் சேர்த்து, மீன் அருகிய காலத்தில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. தொகை சிறிதே, எனினும் அதன் கருத்துச் சிறிதன்று. வறண்ட மாதம் வரும் என்பதை முன்னரே கணக்கில் வைப்பது அது.

நிற்க. படித்த நாம் இத்தளைகளுக்கு அப்பாற்பட்டவர் என்று எண்ணுகிறோம். அஃது உண்மையோ? இன்று முன்பணம் தருவோன் சூளை வாயிலில் நிற்பதில்லை. நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியில் இருக்கின்றான். பிணை கேளான், காரணம் கேளான். ஒரு கணக்கைப் பாருங்கள். ஏழு நாளில் 5,000 ரூபாய் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்ட இளைஞனுக்குக் கட்டணமென்று 1,500 கழித்து 3,500 கொடுக்கப்படுகின்றது என்று கொள்வோம். அவன் ஒரு வாரத்துக்கு நூற்றுக்கு 42 ரூபாய்க்கு மேல் வட்டி கொடுத்தவனாகின்றான். நூற்றுக்கு மாதம் பத்து வட்டி வாங்குவோனைக் கொடியவன் என்று ஊரார் இகழ்வர். இவனை நாம் நண்பனென்று கருதி நம் தொடர்பு எண்களையெல்லாம் அவன் கையில் ஒப்படைக்கின்றோம். தவணை தவறின், அவ்வெண்களே நம்மை அவமானப்படுத்தும் கருவியாகின்றன. என் விடுதித் தோழர் ஒருவர் இவ்வாறு சிக்கி, மூன்று நாள் உண்ணாமல் அறைக்குள் முடங்கிக் கிடந்தார். பெற்றோர்க்குச் சொல்ல நாணினார். எங்களுக்குச் சொல்லவும் நாணினார். அந்நாணமே கடன் கொடுத்தோனுக்கு முதலாயிற்று.

ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டில் இத்தகைய கடன்களுக்கு விதிகள் வகுத்தது. ஆண்டு வட்டி வீதத்தை முன்னரே தெரிவித்தல் வேண்டும். கடன் வேண்டாமென்று விலகுவதற்குக் காலம் அளித்தல் வேண்டும். பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களையும் நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டிற் சட்டத்தால் தடுத்தது. சட்டம் வேலியாகலாம், ஆயினும் வேலியை நாமே தாண்டிச் செல்வோமாயின் அஃது என் செய்யும்?

'கடனின்றி முன்னேறியவர் யார்?' என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. கல்விக்கு வாங்கிய கடனும், சிற்பி உளிக்கும் கல்லுக்கும் வாங்கிய கடனும் பின்னர்ப் பொருள் ஈட்டித் தம்மைத் தாமே அடைக்கும். புதிய கைப்பேசிக்கும் நண்பர் திருமணத்துக்கு உடுத்தும் ஆடைக்கும் வாங்கிய கடனோ தன்னை அடைக்கும் ஆற்றலற்றது. இவ்விரண்டையும் பகுத்தறிதலே இளைஞர் கற்க வேண்டிய முதற் பாடம்.

இனி, வழி யாது? அதனையும் இம்மண்ணிலேயே காணலாம். சென்னை மாகாணத்துச் சிவில் அதிகாரியான பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனியில் ரைபைசன் என்பார் உழவர்க்கென அமைத்த கடன் சங்கங்களை ஆராய்ந்து, அவற்றையே இந்நாட்டுக்கும் பரிந்துரைத்தார். 1904ஆம் ஆண்டிற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் இந்தியாவின் முதற் கூட்டுறவு வேளாண்மைக் கடன் சங்கம் பதிவாயிற்று. அக்டோபரில், அதே மாவட்டத்துக் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கமும் பதிவு பெற்றது. வட்டிக்காரன் முன் தனித்தனியே நின்ற எளியோர், ஒருவர்க்கொருவர் பிணையாகி ஒன்றாய் நின்றதே அவற்றின் வலிமை. முன்பு கூறிய இருளருள்ளும் ஒரு சாரார், 1978ஆம் ஆண்டில் அமைந்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள வடநெம்மேலியில் நஞ்செடுத்து விற்று மானத்தோடு வாழ்கின்றனர்.

ஆதலின் நம் கல்லூரியிலும் மாணாக்கர் சேமிப்புச் சங்கம் ஒன்று அமைதல் வேண்டும் என்பது என் விண்ணப்பம். மாதம் ஐம்பது ரூபாய் போதும். ஒரு மாணாக்கனுக்குத் திடீரென மருத்துவச் செலவோ தேர்வுக் கட்டணமோ நேர்ந்தால், கைப்பேசிக் கடன்காரனை நாடுமுன் அவன் நாட ஓரிடம் இருத்தல் வேண்டும். கணக்கேட்டை மாணாக்கரே எழுதி, ஆசிரியர் ஒருவர் தணிக்கை செய்யட்டும். கடன் பட்டதைச் சொல்ல நாணாத இடமாகவும் அஃது இருக்கட்டும்.

தனித்தனியே நாம் செய்யத்தக்கனவும் சில உண்டு. சம்பளம் வந்த அன்றே ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு மிகுந்ததைச் செலவிடுக. செலவிட்டு மிகுந்ததை ஒதுக்குவோம் என்போர்க்கு ஒன்றும் மிகுவதில்லை. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாய் கொண்டும் தொடர் வைப்புத் தொடங்கலாம். இரண்டு மாதச் செலவுக்குரிய தொகை சேரும்வரை வேறெதற்கும் அதனைத் தொடாதிருங்கள். மிகுந்த வட்டி தருவேன் என்பானைக் கண்டு மயங்காதீர்கள். 1906ஆம் ஆண்டிற் சென்னையில் அர்பத்நாட்டு நிறுவனம் வீழ்ந்தபோது, பெரும்பெயரை நம்பிப் பணம் வைத்தோர் ஆயிரக்கணக்கிற் கலங்கினர் என்பது வரலாறு.

நண்பர்காள்! பொருளைச் சேர்த்துச் செல்வராதல் எல்லார்க்கும் இயலாது. ஆனால் தன் உழைப்புக்கும் தன் மீனுக்கும் தானே விலை கூறும் நிலையில் இருத்தல் பெரும்பாலோர்க்கு இயலும். முதற் சம்பளம் கைக்கு வரும் நாளில், அக்குப்பத்து முதியவர் கூறிய சொல்லை ஒருகால் நினைமின்.