பிரேக்கைப் பெரிதாக்குவதா, பழக்கத்தைச் சீராக்குவதா?



இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் எழுதி வருபவள் இன்று காரின் பிரேக்கைப் பற்றி எழுதுகிறேன். 'தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு இது எதற்கு?' என்று நீங்கள் வினவலாம். காரணம் இருக்கிறது.

நம்மிடம் படித்த பிள்ளைகள் இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். வார இறுதியிலும் தீபாவளிக்கும் மலையேறி வருகிறார்கள். அவர்களுள் பலர் சம்பாதிக்கத் தொடங்கியதும் வாங்க விரும்புவது வேகமாக ஓடக்கூடிய சிறுகாரைத்தான். 'ஹாட் ஹேட்ச்' என்று அதனை அழைக்கிறார்கள். பழைய புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ., சுசுகி சுவிப்ட் ஸ்போர்ட், வசதியிருந்தால் கோல்ப் ஜி.டி.ஐ.; இல்லையென்றால் இருக்கின்ற மைவியையே அப்படி மாற்றிக்கொள்கிறார்கள். அத்தகைய இளைஞர் ஒருவரின் தாயார் அண்மையில் என்னிடம் கேட்டார்: "டீச்சர், பையன் காருக்குப் பெரிய பிரேக் போடணும்னு நாலாயிரம் வெள்ளி கேக்குறான். மலை இறங்க அது கட்டாயம் வேணும்ங்கிறான். நெசந்தானா?"

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். நல்ல நிலையில் பராமரிக்கப்பட்ட அசல் பிரேக் இந்த மலைக்குப் போதும். போதாமல் இருப்பது பெரும்பாலும் பிரேக் ஆயிலும், டயரும், கியரைப் பயன்படுத்தும் பழக்கமும்தான். இதனை வெறும் அறிவுரையாகச் சொல்லாமல் கணக்கோடு சொல்ல முயல்கிறேன்.

மலை போடும் கணக்கு

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலை சுமார் 60 கிலோமீட்டர். இறங்கும் உயரம் ஏறத்தாழ 1,400 மீட்டர். திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா, சிம்பாங் புலாய் வழியாக ஈப்போவுக்குச் சென்றாலும் இதே கதைதான். சாலை அகலமாக இருப்பதால் அங்கே வேகம் இன்னும் எளிதாகக் கூடிவிடும்.

நான்கு பேர் அமர்ந்த சிறுகார் சுமார் 1,300 கிலோகிராம் இருக்கும். அது 1,400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1 கோடியே 78 இலட்சம் ஜூல். அதே கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிச் சட்டென நின்றால் பிரேக் தாங்க வேண்டியது ஏறத்தாழ 5 இலட்சம் ஜூல். அதாவது, ஒருமுறை மலை இறங்குவது நெடுஞ்சாலையில் முப்பத்தைந்து முறை அவசரமாக நிறுத்துவதற்குச் சமம்! காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதை யார் தாங்குவது? இயந்திரமா, பிரேக்கா? இந்த வினாவுக்கு விடை சொல்வது ஓட்டுநரின் கையில் உள்ள கியர்தான்.

உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடேறும் என்று அறிவியல் பாடத்தில் பிள்ளைகளைச் செய்து பார்க்கச் சொல்கிறோம். பிரேக்கும் அதையே செய்கிறது. ஓட்டத்தை உராய்வின்வழி வெப்பமாக மாற்றுகிறது. வெப்பம் காற்றில் கலைய நேரம் வேண்டும். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்த நேரம் கிடைப்பதில்லை. பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிமானத்தை இழக்கும். பிரேக் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். ஆயிலை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். ஆகவே, மிதி அடிவரை இறங்கிவிடும், கார் நிற்காது.

பெரிய பிரேக் எதைச் செய்யும்? எதைச் செய்யாது?

காரை நிறுத்துவது பிரேக் மட்டுமன்று. சாலையைப் பற்றியிருக்கும் டயரும் சேர்ந்துதான். அசல் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்கிறதா, அல்லது ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்குகிறதா? அப்படியானால், டயர் தாங்கும் எல்லையை அசல் பிரேக் ஏற்கெனவே எட்டிவிட்டது என்று பொருள். அதற்குமேல் பெரிய டிஸ்க்கைப் போட்டாலும் ஒருமுறை நிறுத்தும் தூரம் குறையாது. பெரிய டிஸ்க் தருவது ஒன்றுதான்: மீண்டும் மீண்டும் மிதிக்கும்போது வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல்.

அந்த ஆற்றல் சிப்பாங் பந்தயத் தடத்தில் தேவை. மலைச்சாலையில் அதே வேலையைக் கியர் காசில்லாமல் செய்துவிடுகிறது.

பந்தயத்திற்கென்றே செய்யப்பட்ட பேட் நன்றாகச் சூடேறிய பிறகுதான் கவ்விப் பிடிக்கும். திரிங்காப்பில் விடியற்காலைக் குளிரில், மூடுபனியில், ஈரச்சாலையில் வண்டியை எடுத்தவுடன் முன்னே காய்கறி லோரி ஒன்று நின்றால், அந்த விலையுயர்ந்த பேட் அசல் பேட்டைவிட மோசமாகவே பிடிக்கக்கூடும். முன்சக்கரத்தில் மட்டும் பெரிய பிரேக் பொருத்தினால், முன்னுக்கும் பின்னுக்கும் தொழிற்சாலையில் அமைத்த சமநிலையும் மாறிவிடும். பெரிய டிஸ்க்குக்கு இடம் வேண்டி ரிம்மையும் டயரையும் மாற்ற நேரும். செலவு வளர்ந்துகொண்டே போகும்.

"மைவியில் பின்னால் டிரம்தானே டீச்சர், அதையாவது டிஸ்க்காக மாற்றலாமே?" என்பார்கள். பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன்சக்கரங்களே செய்கின்றன. ஹாஃப்கட் கடையில் வாங்கிய, யாருடைய காரிலோ எத்தனை ஆண்டுகள் உழைத்தது என்று தெரியாத பின்டிஸ்க்கைவிட, சரியாகச் சீர்செய்த டிரம் நம்பத்தக்கது. புகழ்பெற்ற பெயரைப் பொறித்த போலிப் பொருள்களும் சந்தையில் உலவுகின்றன. உயிரைத் தாங்கும் பொருளில் போலியா?

நம் மலையின் பழைய லேண்ட்ரோவர்கள்

கேமரன்மலைக்கு வருவோர் வியந்து பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. கூரை கிழிந்து, வண்ணம் மங்கிய பழைய லேண்ட்ரோவர்கள் முட்டைக்கோசையும் தக்காளியையும் சுமந்துகொண்டு செங்குத்தான தோட்டப் பாதைகளில் இறங்கும். அவற்றுள் பழைய வகைகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். டிஸ்க் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. எப்படி இறங்குகின்றன? மிகத் தாழ்ந்த கியரில், இயந்திரம் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்திருக்க, மெல்ல இறங்குகின்றன. பிரேக் அவ்வப்போது தொட்டுக்கொள்ளும் துணை மட்டுமே. இந்தப் பாடத்தை நம் தோட்டத்துப் பெரியவர்கள் ஏட்டில் படிக்கவில்லை, கையால் படித்தார்கள்.

சாலையோரப் பலகையும் அதையே மலாயில் சொல்கிறது: 'குனாக்கான் கியர் ரெண்டா', தாழ்ந்த கியரைப் பயன்படுத்துக. ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குவது எளிய விதி. தானியங்கிக் கியர் உள்ள காரிலும் 'எல்', '2', 'எஸ்', 'பி' என ஏதேனும் ஒன்று இருக்கும். அதனைத் தொடாமலே 'டி'-யில் மலை இறங்குவோர் எத்தனை பேர்!

நாலாயிரத்துக்கு முன் செய்ய வேண்டியவை

1. பிரேக் ஆயில்: அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 பாகைக்கு இறங்கலாம். டாட் 3 வகைக்கு அவ்வளவுகள் 205, 140. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது முழுமையாக மாற்றுங்கள். மழையும் பனியும் நிறைந்த நம் ஊரில் இது மிக முதன்மையானது.

2. டயர்: தேய்ந்த டயருக்கு எந்தப் பிரேக்கும் துணைசெய்யாது. பூவையும் தயாரிப்பு ஆண்டையும் பாருங்கள்.

3. பேட், டிஸ்க், குழாய்: தேய்மானத்தை நம்பிக்கையான பட்டறையில் சோதியுங்கள். இன்னும் சற்று வலிமை வேண்டுமாயின் சாலைக்கென்றே செய்த தரமான பேட் போதும்.

4. இறங்கும் முறை: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். விட்டுவிட்டு, ஆனால் உறுதியாக மிதியுங்கள். கருகிய வாடை வந்தாலோ மிதி மெத்தென்று ஆனாலோ லாத்தா இஸ்கந்தர் அருவி போன்ற நிறுத்துமிடத்தில் ஒதுங்கி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது வளைந்தோ விரிசல் விட்டோ போகலாம்.

இவற்றுக்கெல்லாம் பிறகும், இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டியிருந்தாலோ பந்தயத் தடத்திற்கு அடிக்கடி செல்வதாக இருந்தாலோ பெரிய பிரேக் நியாயமான தேவைதான். அதனை நான் மறுக்கவில்லை. அப்போதும் அந்தக் காருக்கென்றே வடிவமைத்த முழுத் தொகுதியை வாங்க வேண்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் தேவையா என்று கேட்டறிந்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

துணிவு என்னும் எடை

"பெரிய பிரேக் இருந்தால் கெடுதல் என்ன? பாதுகாப்புதானே?" என்று ஒரு பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு வாடகைக்கார் நிறுவனத்தின் வண்டிகளில் ஒரு பகுதிக்கு ஏ.பி.எஸ். பொருத்தி ஆய்வு செய்தார்கள். ஏ.பி.எஸ். உள்ள கார்களின் விபத்துகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. அவற்றை ஓட்டியவர்கள் முன்னிலும் வேகமாக வளைந்தார்கள். முன்வண்டியை நெருங்கிச் சென்றார்கள். கருவி கொடுத்த பாதுகாப்பைத் துணிவு செலவழித்துவிட்டது. நாலாயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கிய பிரேக்கை வளைவில் சோதித்துப் பார்க்க வேண்டுமென்று இருபத்து மூன்று வயதுக்குத் தோன்றாதா என்ன?

2010 டிசம்பரில் இதே சிம்பாங் புலாய்ச் சாலையில் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட தாய்லாந்துப் பயணிகள் மாண்டார்கள். 2013 ஆகஸ்டில் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 37 பேர் இறந்தார்கள். 2019-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 6,167 பேர். பேருந்து வேறு, சிறுகார் வேறு என்பது உண்மை. ஆனால், மலையின் இறக்கம் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு விலையுயர்ந்த பயிற்சி நூல்களை அடுக்கி வைப்பதால் பயனில்லை. அகரத்தில் தொடங்க வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாமெல்லாம் கற்ற முதற்பாடம் அதுதானே! பிரேக்குக்கும் அகரம் உண்டு: ஆயில், டயர், பேட், கியர்.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளையின் ஆசையை ஏளனம் செய்யாதீர்கள். அவன் காரை நேசிக்கிறான். அந்த நேசத்தைப் பராமரிப்பின் பக்கம் திருப்புங்கள். 'பெரிய பிரேக் வேண்டாம்' என்று சொல்வதைவிட, 'பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினாய்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரியாத இளைஞனுக்கு நாலாயிரம் ரிங்கிட் பிரேக்கும் பாதுகாப்பு தராது. விடை தெரிந்து, தாழ்ந்த கியரில் பொறுமையாக இறங்குபவன், அசல் பிரேக்கோடு தன் தாயைப் பின்னிருக்கையில் அமர்த்தித் தாப்பாவரை பத்திரமாகக் கொண்டுசேர்ப்பான்.

சிந்திப்போம், பிள்ளைகளோடு பேசுவோம்.

அன்புடன்,
திரிங்காப்பிலிருந்து ஓர் ஆசிரியை