டிரைவர் மாறுவார், பஸ் நம்மளோடது!

(கொஞ்சம் நீளமான பதிவு தோழர்களே. அஞ்சு நிமிஷம் ஒதுக்கி முழுசா படிங்க.)

போன வாரம் கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில நோட்டீஸ் கொடுத்துக்கிட்டு இருந்தோம். அதை வாங்கிப் படிச்ச பெரியவர் ஒருத்தர் என்னைக் கூப்பிட்டார். "ஏன் தம்பி, அரசாங்கத்தை எதிர்த்து இப்படி எழுதுறீங்களே, இது நாட்டுக்கே விரோதம் இல்லையா? இன்ஜினியரிங் படிச்ச புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?"

அவர் கோபமா கேட்கல, அக்கறையாதான் கேட்டார். அந்த நேரம் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் போற அரசு பஸ் வந்து நின்னுச்சு. அதைக் காட்டியே பதில் சொன்னேன்.

"ஐயா, இந்த பஸ் யாரோடது? நம்ம எல்லாரோடதும். இதுதான் அரசு. டிரைவர் சீட்டுல உட்கார்ந்திருக்கிறவர் அரசாங்கம், அதாவது ஆட்சி. எந்த ரூட், எங்க நிக்கணும், எவ்வளவு வேகம், எதைச் செய்யக்கூடாதுன்னு விதி இருக்குல்ல, அதுதான் அரசமைப்புச் சட்டம். டிரைவர் சரியா ஓட்டலைன்னு சொன்னா, பஸ்ஸைக் கொளுத்தப் போறேன்னு அர்த்தமா?"

பெரியவர் சிரிச்சிட்டார். ஆனா இது சிரிச்சிட்டுப் போற விஷயம் இல்ல. "அரசு" என்கிற ஒரே சொல்லை நாம மூணுக்கும் பயன்படுத்துறோம். அந்தக் குழப்பத்துலதான் ஆட்சியில இருக்கிறவங்க குளிர் காயுறாங்க. என்னைக் கேள்வி கேட்டா நாட்டைக் கேள்வி கேட்ட மாதிரின்னு மிரட்ட முடியுது.

பாடப்புத்தகத்துல அரசுக்கு நாலு கூறு சொல்லுவாங்க: மக்கள், நிலம், அரசாங்கம், இறையாண்மை. கவனிங்க, அரசாங்கம் அந்த நாலுல ஒண்ணுதான். ஆட்சி கவிழ்ந்தா நாடு கவிழாது. முதல்வர் மாறினாலும் தாலுகா ஆபீஸ் திறக்கும், ரேஷன் கடையில அரிசி போடுவாங்க.

இதுக்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம ராஜபாளையத்துக்கே போவோம்.

1950 ஜனவரி 26. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். அன்னைக்கு சென்னை மாகாணத்துல ஆட்சியில இருந்தவர் யார் தெரியுமா? ராஜபாளையத்துல பிறந்த பூ.ச.குமாரசாமி ராஜா. 1949ல பதவிக்கு வந்தப்போ அந்தப் பதவிக்குப் பேரு "பிரதமர்". அரசமைப்பு வந்த பிறகுதான் "முதலமைச்சர்" ஆச்சு. அதாவது, புது விதிப் புத்தகம் கைக்கு வந்தப்போ சீட்டுல இருந்த டிரைவர் நம்ம ஊர்க்காரர்.

அடுத்த 15 மாசத்துக்குள்ள அந்த ஆட்சி ரெண்டு முக்கியமான வழக்குல உச்ச நீதிமன்றத்துல தோத்துப் போச்சு. ரெண்டுமே இந்திய வரலாற்றை மாத்துன வழக்கு.

முதல் வழக்கு. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்துன "கிராஸ் ரோட்ஸ்" என்கிற இடதுசாரிப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள்ள வரக்கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்டுச்சு. பொது ஒழுங்குக்கு ஆபத்துன்னு காரணம் சொன்னாங்க. 1950 மே மாசம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. பேச்சுரிமை 19ஆம் பிரிவுல இருக்கு, அன்னைக்கு அதுல எழுதியிருந்த காரணங்கள்ல பொது ஒழுங்கு இல்ல. அவ்வளவுதான். அரசாங்கத்துக்குப் பிடிக்காதது எல்லாம் அரசுக்கு ஆபத்து ஆகிடாது.

ரெண்டாவது வழக்கு நம்ம வீட்டுக்குள்ளயே வர்ற விஷயம். நீதிக்கட்சி காலத்துல தொடங்குன வகுப்புவாரி உரிமை ஆணை. மருத்துவம், பொறியியல் இடங்களை 14, 14ஆ பிரிச்சு, பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, பட்டியலினத்தவருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்பட கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1ன்னு கொடுத்தாங்க. இதை எதிர்த்து வழக்குப் போட்டவங்க ரெண்டு பேர். செண்பகம் துரைராஜன் மருத்துவ இடத்துக்கு, சி.ஆர்.சீனிவாசன் பொறியியல் இடத்துக்கு. 1951 ஏப்ரல் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் ஆணை செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னது. சாதி, மதத்தை மட்டும் காரணம் காட்டி அரசு கல்லூரியில இடம் மறுக்கக்கூடாதுன்னு 29(2) சொல்லுதுன்னு காரணம்.

இங்கதான் நிறைய பேர் கேட்பாங்க: "அப்போ அரசமைப்பே நமக்கு எதிரியா?"

இல்ல தோழர்களே. தமிழ்நாட்டுல பெரியார் தலைமையில போராட்டம் வெடிச்சது. மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. யாரும் அரசமைப்பைத் தூக்கி எறியல. அதுக்குள்ளயே இருக்கிற கதவைத் தட்டுனாங்க, அதாவது திருத்தம் செய்யற 368ஆம் பிரிவை. தீர்ப்பு வந்து ரெண்டரை மாசம்கூட ஆகல, 1951 ஜூன் 18ல முதல் திருத்தம் வந்துடுச்சு. 15(4) சேர்ந்துச்சு. கல்வியில பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியலினத்தவருக்கும் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் கிடைச்சது.

எங்க வீட்டுல முதல் பட்டதாரி நான். அப்பா மில் தொழிலாளி. கவுன்சிலிங்ல எனக்கு ஒரு சீட் கிடைச்சதுன்னா, அதுக்குப் பின்னாடி அந்த 15(4) நிக்குது. அதனாலதான் "உனக்கு எதுக்கு அரசியல்"னு யாராவது கேட்டா எனக்குச் சிரிப்பு வருது. அரசியல் இல்லாம நான் இன்ஜினியரே ஆகியிருக்க மாட்டேன்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காம சொல்லிடுறேன். அதே முதல் திருத்தம்தான் பேச்சுரிமைக்கு "பொது ஒழுங்கு"ங்கிற புதுக் கட்டுப்பாட்டையும் சேர்த்துச்சு. கிராஸ் ரோட்ஸ் ஜெயிச்சதை இந்தப் பக்கம் சுருக்கிட்டாங்க. ஒரு கையில கொடுத்து, இன்னொரு கையில எடுத்துக்கிட்டாங்க. அதனாலதான் சொல்றேன், எந்தத் திருத்தம் வந்தாலும் தலைப்பை மட்டும் பார்த்துக் கைதட்டாதீங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிங்க.

குமாரசாமி ராஜா என்ன ஆனார்? 1952 தேர்தல்ல தோத்துப் போனார். பதவியில இருந்த முதலமைச்சரையே மக்கள் ஓட்டுப் போட்டு இறக்கிட்டாங்க. அரசு அப்படியேதான் இருந்துச்சு, எதுவும் இடிஞ்சு விழல. தோத்தவரும் நாட்டுக்கு விரோதி ஆகிடல. பிறகு ஒரிசாவுக்கு ஆளுநரா போனார். தன் ராஜபாளையம் வீட்டையே பொதுக் காரியத்துக்குக் கொடுத்த மனுஷன் அவர். அவர் மேல நமக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதை வேற, அவரோட ஆட்சி போட்ட ஒரு தடை தப்புன்னு சொல்ற உரிமை வேற.

டீக்கடைப் பெரியவர் கடைசியா ஒண்ணு கேட்டார். "சரி தம்பி, நாளைக்கு உங்க கட்சியே சீட்டுல உட்கார்ந்தா, அப்பவும் நான் கேள்வி கேட்கலாமா?"

"கேட்கணும் ஐயா. முதல்ல எங்களைத்தான் கேட்கணும்"னு சொன்னேன். இதை இந்தப் பக்கத்துலயே எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டட்டும்.

இன்னைக்கு ராத்திரி மூணு பிரிவு மட்டும் படிங்க: 12, 19, 368. தமிழ்லயே இருக்கு. 12ஐப் படிச்சா தெரியும், அடிப்படை உரிமைக்குக் கட்டுப்பட வேண்டிய "அரசு"ல டெல்லி மட்டும் இல்ல, நம்ம ஊராட்சியும் அடக்கம்.

அடுத்த தடவை யாராவது "அரசாங்கத்தை எதிர்த்தா தேசத்துரோகம்"னு சொன்னா சண்டை போடாதீங்க. பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அந்த பஸ்ஸைக் காட்டுங்க.

படிச்சவங்க பகிருங்க. வீட்டுப் பெரியவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

#அரசமைப்பு_நம்_உரிமை #கேள்வி_கேட்போம் #கிருஷ்ணன்கோவில்