பரங்கிமலைப் படிகளில் ஒரு மாலை

இதயநோய்ப் பிரிவின் வெளிநோயாளர் அறையில் எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் வினா மருந்தைப் பற்றியதன்று. "மாடி ஏறலாமா, டாக்டர்?" என்பதே அது. பெரும்பாலும் அதை நோயாளி கேட்பதில்லை. அவருக்குப் பின்னால் நிற்கும் மனைவியோ மகனோ மகளோ கேட்கிறார்கள். நோயாளி மேசைமேல் கிடக்கும் தம்முடைய கோப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பல ஆண்டுகளாக இதற்கு நாங்கள் அளித்துவந்த விடை "கொஞ்ச நாள் போகட்டும்" என்பது. அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று நாங்கள் சொல்லவில்லை; வீட்டாரும் கேட்கவில்லை. மாடி அறையில் இருந்த கட்டில் கீழ்க்கூடத்துக்கு வந்தது. வந்த கட்டில் மேலே திரும்பிச் சென்ற வீடுகள் குறைவு. ஸ்டென்ட் பொருத்தி, இதயத்தின் சுருங்குதிறன் நன்றாக இருக்கிறது என்று எக்கோ காட்டி, டிரெட்மில் பரிசோதனையிலும் தேறியவர்கள்கூட, இரண்டு ஆண்டுகள் கழித்தும் கூடத்திலேயே படுத்திருக்கக் கண்டிருக்கிறோம். அவர்களைப் படுக்க வைத்தது நோயன்று. எங்கள் அரைகுறையான விடைக்கும் அதில் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இதனால்தான், குளிர்ந்த மாதங்களில் மாலை நேரத்தில், உரிய பரிசோதனைகளை முடித்த சிலரை அவர்களுடைய குடும்பத்தாருடன் பரங்கிமலைக்கு அழைத்துச் செல்லத் தொடங்கினோம். மருத்துவர்களுக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. பூங்காவில் நடந்தால் போதாதா என்றும் கேட்டார்கள். பூங்காவில் நடப்பது நல்லதே. ஆனால் சமதளத்தில் எவ்வளவு நடந்தாலும் படியைப் பற்றிய அச்சம் நீங்குவதில்லை. அந்த அச்சம் படியில்தான் நீங்கவேண்டும்.

பரங்கிமலை பெரிய மலையன்று. உயரம் ஏறத்தாழ 300 அடி. ஒரு பக்கம் அடிவாரத்திலிருந்து உச்சி வரை படிகள் இருக்கின்றன. மறுபக்கம் வாகனம் செல்லும் பாதையும் இருக்கிறது. ஏற முடியாதவரை ஆட்டோவில் மேலே கொண்டுவரலாம். இறங்க முடியாதவரை அதே வழியில் கீழே அனுப்பலாம். நகரின் நடுவிலேயே இருப்பதால் அவசரம் என்றால் ஆம்புலன்சும் விரைவில் வந்துசேரும். இதயநோயாளர்களுக்கு ஒரு மலையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைக் காட்டிலும் வசதியானதை எங்களால் காட்ட இயலாது.

எங்களுக்கு வழிகாட்டுபவர் ஆலந்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர்; ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். முதல் நாளே அவர் எங்களிடம் ஒரு நிபந்தனை விதித்தார்: முன்னால் நடப்பவர் குழுவிலேயே மிக மெதுவாக நடப்பவராக இருக்கவேண்டும். மருத்துவக் கல்வியில் எங்களுக்கு யாரும் சொல்லித்தராத ஒன்று இது. வேகமாக நடப்பவர் முன்னால் போனால், பின்னால் வருபவர் மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டு நடப்பார். அந்த நிபந்தனையின் பொருளை நாங்கள் பிறகுதான் முழுமையாக உணர்ந்தோம்.

படிகளின் ஓரத்தில் சிலுவைப்பாதையின் 14 நிலைகள் அமைந்துள்ளன. ஒவ்வொரு நிலையிலும் நின்று செபித்துவிட்டு அடுத்ததற்குச் செல்வது கிறித்தவர்களின் வழக்கம். எங்கள் குழுவில் எல்லாச் சமயத்தாரும் இருப்பார்கள். யாரையும் செபிக்கச் சொல்வதில்லை. ஆனால் 14 இடங்களிலும் அனைவரும் நிற்கிறோம். நிற்பதற்கென்றே அமைந்த வழி அது. அங்கே நிற்பவரைப் பார்த்து யாரும் "என்ன, முடியலையா?" என்று கேட்பதில்லை.

நிற்கும் இடங்களில் எங்கள் வழிகாட்டி கதை சொல்வார். புனித தோமா இம்மலையில் உயிர்நீத்தார் என்னும் மரபு வழிக் கதையையும், 1523இல் போர்த்துகீசியர் உச்சியில் ஆலயம் எழுப்பியதையும் சொல்வார். இந்தப் படிகளை அமைக்கப் பொருள் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் என்பதையும், 18ஆம் நூற்றாண்டில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே என்பதையும் சொல்வார். எங்களுக்குப் பிடித்தது லாம்ப்டனின் கதை. 1802இல் இந்திய நிலத்தை அளக்கும் பெரும்பணியைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், இம்மலையை ஒட்டிய சமவெளியில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலியால் முதலில் அளந்தார். அந்தப் பெரும்பணி அந்த அடிக்கோட்டிலிருந்தே தொடங்கியது. டிஸ்சார்ஜ் ஆன நோயாளியிடம் "இன்று எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது?" என்று நாங்கள் கேட்டுக் குறித்துக்கொள்வதும் ஏறக்குறைய அத்தகைய அடிக்கோடுதான்.

இனி ஒரு நிகழ்ச்சி. சம்பந்தப்பட்டவரின் இசைவுடன், அவர் யாரென்று தெரியாதவாறு எழுதுகிறோம்.

அறுபதைக் கடந்த ஒருவர். மாரடைப்பு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. மகளுக்கு அவரை அழைத்துவர விருப்பமில்லை. "அப்பா, கார்லயே மேல போயிடலாம்பா, அங்கேருந்து பார்த்தா போதாதா?" என்று அடிவாரத்திலும் கேட்டுக்கொண்டிருந்தார். தந்தைக்கோ அதுவே வீம்பாயிற்று. அன்று எங்கள் தரப்பிலும் ஒரு தவறு நேர்ந்தது. கதிரவன் மறைவதற்குள் உச்சியை அடைந்துவிடவேண்டும் என்ற ஆவலில், இளம் மருத்துவர் ஒருவரை முன்னே நடக்கவிட்டோம். இரண்டு நிலைகளில் நிற்காமலும் கடந்தோம். ஆறாம் நிலையருகே வழிகாட்டி உஸ்கானின் கதையைச் சொல்லிவிட்டு அந்தப் பெரியவரிடம் சைதாப்பேட்டையைப் பற்றி ஏதோ கேட்டார். பெரியவர் தலையை மட்டும் அசைத்தார். நாங்கள் அருகில் சென்று அவருடைய வீட்டு முகவரியைச் சொல்லச் சொன்னோம். கதவு எண்ணோடு நின்றுவிட்டது. "ஒண்ணுமில்ல டாக்டர், வாயுதான்" என்றார். வலக்கை நெஞ்சின் நடுவே இருந்தது.

அவரைப் படியிலேயே உட்காரவைத்து நாக்கின் அடியில் மாத்திரை வைத்தோம். மூன்று நிமிடங்களில் வலி அகன்றது. அன்று மேலே செல்லவில்லை. மெதுவாக இறக்கி நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பின்னர் செய்த ஆஞ்சியோகிராமில் முன்பு நலமாயிருந்த வேறொரு குழாயில் புதிய அடைப்பு தெரிந்தது. அதற்கும் ஸ்டென்ட் பொருத்தினோம். விசாரித்தபோதுதான், மூன்று வாரங்களாகக் காலை நடையிலேயே அந்த இறுக்கம் வந்துகொண்டிருந்தது என்று சொன்னார். வீட்டில் சொன்னால் நடையையும் நிறுத்திவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறார். அதைச் சொல்லியிருந்தால் நாங்கள் அவரை அன்று மலைக்கே அழைத்துச் சென்றிருக்கமாட்டோம்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டவர்களுள் சிலர் மலையேற்றத்தையே நிறுத்திவிடும்படி அறிவுறுத்தினர். நாங்கள் உடன்படவில்லை. அவருடைய அடைப்பைப் படி உண்டாக்கவில்லை. அவர் மறைத்ததை வெளிக்கொணர்ந்தது படிதான். அவர் மறைத்தமைக்குக் காரணங்கள் இரண்டு: சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்ற வீட்டு அச்சம் ஒன்று, நின்றால் மற்றவர் பார்ப்பார்களே என்ற வெட்கம் மற்றொன்று. முதலாவதைக் குடும்பத்தார்தாம் நீக்கவேண்டும். இரண்டாவதை நீக்குவது உடன் நடப்பவர்களான எங்கள் பொறுப்பு. அன்று நாங்கள் அதில் தவறினோம்.

ஆகவே பராமரிப்போரிடம் எங்கள் வேண்டுகோள் இது. "ஏறாதே" என்று தடுக்காதீர்கள்; "இன்னும் கொஞ்சந்தான்" என்று உந்தவும் செய்யாதீர்கள். இரண்டுமே அவரை வாய்திறவாமல் செய்யும். அவர் பக்கத்தில் நடந்து பேச்சுக் கொடுங்கள். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரியானது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினால் நிற்கவேண்டும். நாடியை எண்ணுவதைக் காட்டிலும் இது நம்பத்தக்கது. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்பவர்களுக்கு நாடித்துடிப்பு உழைப்புக்கேற்ப உயர்வதில்லை. எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடும்.

எல்லாரும் ஏறலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அண்மை நாள்களில் நெஞ்சுவலி புதிதாகத் தோன்றியவர்கள் அல்லது அடிக்கடி வரத் தொடங்கியவர்கள், கால் வீக்கமும் படுத்தால் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள், பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியவர்கள், காரணமின்றி மயங்கி விழுந்தவர்கள் ஆகியோர் ஏறக்கூடாது. மற்றவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே புறப்படவேண்டும். "கொஞ்ச நாள் போகட்டும்" என்று அவர் சொன்னால், எத்தனை நாள் என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

நீங்களாகவே குடும்பத்துடன் செல்வதாயின் எங்கள் பட்டறிவில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். கதிரவன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே அடிவாரத்தில் இருங்கள். அப்போதுதான் அவசரம் இராது. ஆலயம் எந்நேரம் வரை திறந்திருக்கும் என்று முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். மின்சார ரயிலிலோ மெட்ரோவிலோ பரங்கிமலை நிலையத்தில் இறங்குவோர் அங்கிருந்து ஆட்டோவில் அடிவாரம் வரை செல்லுங்கள். சாலை நடையில் களைத்துவிட்டுப் படியைத் தொடங்கவேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரமாவது போகட்டும். வழியில் பஜ்ஜி வாசனை வரும். இறங்கிய பிறகும் அதை வேண்டாம் என்றுதான் நாங்கள் சொல்லியாகவேண்டும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும் மாத்திரை சாப்பிடுபவர்களும் சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்திருங்கள். பாதம் மரத்துப்போனவர்கள் வேண்டுதலின் பொருட்டுக்கூட வெறுங்காலுடன் ஏறவேண்டாம். பகல் முழுதும் காய்ந்த கல்லின் சூடு மாலையிலும் தணிந்திராது; உணர்ச்சியற்ற பாதம் கொப்புளம் வந்த பிறகே அதை அறியும். காலணியைக் கழற்றவேண்டிய இடத்தில் அணிந்துகொள்ளக் கனமான காலுறை கொண்டுசெல்லுங்கள். நீர் பிரிவதற்கான மாத்திரையை மாலையில் எடுப்பவர்கள் அன்று எந்நேரம் எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சுவலிக்கான மாத்திரை வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை; கையில் இருக்கவேண்டும். வலி வந்தால் உட்கார்ந்தே அதை வையுங்கள். நின்றபடி வைத்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து விழ நேரும். ஐந்து நிமிடங்களில் வலி நீங்காவிட்டால் 108ஐ அழையுங்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை உட்கொள்ளும் பழக்கமிருந்தால், கூச்சப்படாமல் முன்னரே எங்களிடம் சொல்லிவிடுங்கள். இவ்விரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

ஏறும்போது உழைப்பது இதயம். இறங்கும்போது அடிபடுவது முழங்கால். மூட்டுவலி உள்ளவர்கள் பலரும் ஆட்டோவில் மேலே வந்து படியில் இறங்குகிறார்கள். இதயம் இடங்கொடுத்தால், படியில் ஏறி ஆட்டோவில் இறங்குவதே அவர்களுக்கு நல்லது. நம் ஊரில் அந்தி நெடுநேரம் நிற்பதில்லை. கதிரவன் மறைந்து அரைமணிக்குள் இருட்டிவிடும். ஆளுக்கொரு டார்ச் விளக்கு தேவை. கைபேசி விளக்கை நம்பினால், அழைப்பு வரும்போது ஒரு கை அதற்குப் போய்விடும்.

உச்சியில் அமர்ந்தால் ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான ஓடுபாதையின் விளக்குகள். மறுபக்கம் கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவுகளில் நகரும் வண்டிகள். கிழக்கே, வானம் தெளிந்த நாளில், கடலின் கோடு. பெரும்பாலோர் முதலில் தேடுவது தங்கள் வீடு இருக்கும் திசையைத்தான்.

அந்தப் பெரியவர் மருத்துவரின் ஒப்புதல் பெற்றுச் சில மாதங்கள் கழித்து, சென்ற ஜனவரியில் மீண்டும் வந்தார். இம்முறை முன்னால் நடந்தவர் அவரே. மகள் பக்கத்தில் பேசிக்கொண்டே வந்தார். பத்தாம் நிலையில் பெரியவர் நின்றார். வலி இல்லை, மூச்சும் சீராகவே இருந்தது. "இன்னைக்கு இது போதும் டாக்டர், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் படியோரம் உட்கார்ந்தார். மகளும் உட்கார்ந்தார். நாங்கள் மேலே சென்று திரும்பி வந்தபோது, இருவரும் தரையிறங்கும் விமானங்களை எண்ணிக்கொண்டிருந்தனர்.