தனவந்தர் பட்டியலும் தேசத்தின் கணக்கும்

வருஷந்தோறும் உலகத் தனவந்தர் பட்டியல் வெளியாகிறது. அதில் நம்மவர் எத்தனை பேர், ஏறியவர் யார், இறங்கியவர் யார் என்று ஜனங்கள் குதிரைப் பந்தயத்தின் முடிவைப் பார்ப்பதுபோல் பார்க்கின்றனர். சிலர் அதைத் தேசத்தின் கீர்த்தியென்றே கொண்டாடுகின்றனர். இவ்வேற்ற இறக்கங்கள் எவ்வாறு நேருகின்றன, லாபம் யாரைச் சேருகிறது, நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று விசாரிப்பவர் சிலரே. தேசபக்தர்களுக்கு அதுவே பிரதான விஷயமென்பது நமது அபிப்பிராயம்.

ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலிகானை உலகத்தின் முதல் தனவந்தரென்று அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை 1937-ல் அட்டையில் போட்டுப் புகழ்ந்தது. 1948 செப்டம்பரில் இந்திய சேனை புகுந்ததும் அவருடைய ஆட்சி முடிந்தது. 1967-ல் அவர் காலமானார். 1971-ல் அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தம் மன்னர் மானியங்களை ஒழித்தது. 1995-ல் நிஜாம் வம்சத்து நகைகளை இந்திய சர்க்கார் 218 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. அதிகாரத்தால் வந்த செல்வம் அதிகாரத்தோடு போயிற்று. அதனால் குடிகள் வருந்தவில்லை.

இக்காலத்துச் செல்வமோ வேறு வகை. அது பெட்டியில் இருப்பதன்று. பங்குகளின் விலையில் இருப்பது. 2008-ல் 'போர்ப்ஸ்' பட்டியலில் ஸ்ரீ அனில் அம்பானி 4,200 கோடி டாலருடன் உலகில் ஆறாவது இடத்தில் இருந்தார். 2020 பிப்ரவரியில் சீன பாங்குகள் தொடுத்த வழக்கில், தமது நிகர ஆஸ்தி பூஜ்யமென்று லண்டன் ஹைகோர்ட்டில் தெரிவித்தார். நீதிபதி அதை ஏற்காமல் 10 கோடி டாலர் கட்டுமாறு உத்தரவிட்டார். பன்னிரண்டே வருஷத்தில் இம்மாறுதல்!

ஸ்ரீ கௌதம் அதானியின் விஷயமும் கவனிக்கத்தக்கது. 2022 செப்டம்பரில் அவர் உலகில் இரண்டாவது ஸ்தானத்தையும் சில காலம் எட்டினார். 2023 ஜனவரி 24-ல் அமெரிக்காவின் ஹிண்டன்பர்க் நிறுவனம் குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. அவருடைய கம்பெனிகள் அவற்றை மறுத்தன. எனினும் சில வாரங்களுக்குள் அவற்றின் பங்குமதிப்பில் 10,000 கோடி டாலருக்கு மேல் கரைந்தது. 2024 ஜனவரியில் விலை ஏறியதும் அவர் மீண்டும் ஆசியாவின் முதல் தனவந்தரெனக் கணக்கிடப்பட்டார். மாறியது சந்தையின் எண்ணமே.

மாறியது எண்ணமே யாயினும் நஷ்டம் நிஜமானது. மேலே ஏறும் செல்வம் ஒரு குடும்பத்தினுடையது. கீழே விழும்போதோ பலர் பங்காளிகளாகின்றனர். கடன் கொடுத்த பொதுத்துறை பாங்குகளின் பணம் யாருடையது? பென்ஷன்காரரும் பள்ளி உபாத்தியாயரும் போட்டுவைத்த டிபாசிட்டே அது. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் வாங்கும் பங்குகளும் பாலிசிதாரர்களின் பிரீமியத்தைக்கொண்டே வாங்கப்படுகின்றன. லாபம் தனியாருக்கு, நஷ்டம் ஜனங்களுக்கு என்பது எந்த நீதி?

2024 மார்ச்சில் உலக அசமத்துவ ஆராய்ச்சிக் கூடத்தார் ஒரு கணக்கை வெளியிட்டனர். 2022-23-ல் இந்தியாவின் வருமானத்தில் 22.6 சதவிகிதமும், செல்வத்தில் 40.1 சதவிகிதமும் நூற்றுக்கு ஒருவரான மேல் வகுப்பாரிடம் சேர்ந்திருந்தனவாம். அவ்வருமானப் பங்கு வெள்ளையர் ஆட்சியில் இருந்ததைவிட அதிகம் என்பது அவர்கள் முடிவு. சுயராஜ்யத்துக்காகச் சிறை புகுந்தவர்கள் இதற்காகவா புகுந்தனர்?

சுதந்திர இந்தியா இவ்வபாயத்தை அறியாமலில்லை. 1953-ல் மரணச் சொத்து வரியும், 1957-ல் செல்வ வரியும் விதிக்கப்பட்டன. முன்னது 1985-லும் பின்னது 2015-லும் ரத்தாயின. செல்வ வரியால் 2013-14-ல் 1,008 கோடி ரூபாய்தான் கிடைத்தது, வசூல் செலவுக்கே கட்டாது என்று காரணம் கூறினர். இதை நாம் ஒப்புவதற்கில்லை. 1992-ம் வருஷச் சீர்திருத்தத்தில் பங்குகளை அவ்வரியிலிருந்து விலக்கிவிட்டனர். பெருந்தனவந்தரின் ஐசுவரியம் பங்குகளில் இருக்கையில், பங்குகளை விட்டுவிட்டு வீட்டையும் காரையும் நகையையும் எண்ணினால் வசூல் எங்கிருந்து வரும்? வலையின் பெரிய கண்ணியை அறுத்துவிட்டு, மீன் அகப்படவில்லை என்பதுபோல் இருக்கிறது இவ்வாதம்.

தொழில் நடத்துவோர்மீது நமக்குத் துவேஷமில்லை. 1906-ல் சுதேசிக் கப்பற் கம்பெனி கண்ட சிதம்பரம் பிள்ளையும் தொழில் நடத்தியவரே. அவர் தம் வாழ்வைத் தேசத்துக்குக் கொடுத்தார். தனவந்தர் தர்மகர்த்தாக்களாக இருக்கவேண்டுமென்றார் காந்தியடிகள். தர்மகர்த்தா கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். ஆகவே பெருஞ் சொத்துக்கள் வாரிசுக்குப் போகும்போது, பங்குகள் உட்பட, நியாயமான வரி விதிக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கும் சிறு நிலத்துக்கும் விலக்களிக்க வேண்டும். சிறு விவசாயியிடம் காட்டும் கண்டிப்பைப் பாங்குகள் பெருங்கடனாளியிடமும் காட்ட வேண்டும்.

பட்டியலில் நம்மவர் ஏறுவதால் மட்டும் தேசம் ஏறிவிடாது. அவர் இறங்கும்போது ஏழையையும் இழுத்துக்கொண்டு இறங்காதபடி காப்பதே சுயராஜ்ய சர்க்காரின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது ஜனங்களின் கடமை.