நிலம்பூர் போறீங்களா? மழை அலர்ட்டையும் பார்த்துட்டு போங்க!

உங்க இன்ஸ்டா ஃபீடிலும் அந்த ரயில் கண்டிப்பா வந்திருக்கும். மழையில் நனைந்த தண்டவாளம், இரண்டு பக்கமும் மரங்கள், பச்சைக் குகைக்குள் நுழைவது மாதிரி ஒரு பயணம். ஷொர்ணூரிலிருந்து நிலம்பூர் வரை மொத்தம் 66 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து மங்களூர் மெயிலில் ஷொர்ணூர் போய் மாறிக்கலாம். கூடலூர்க்காரர்களுக்கு நாடுகாணி வழியா மலையிறங்கினாலே நிலம்பூர்.

ஆனா, அந்த ரயில் பாதை யாரும் வேடிக்கை பார்க்கப் போட்டது இல்லை. மரம் ஏற்றப் போட்டது. 1920-களில் பிரிட்டிஷ்காரர்கள் அமைத்தார்கள். இரண்டாம் உலகப்போர் வந்ததும் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துட்டாங்க. சுதந்திரத்துக்குப் பிறகுதான் மறுபடி ரயில் வந்தது.

ஊரே அப்படித்தான். கப்பல் கட்டத் தேக்கு தேவைப்பட்டபோது காட்டு மரங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. அதனால் மலபார் கலெக்டர் கனோலி 1840-களில் தேக்கை நட்டு வளர்க்கச் சொன்னார். விதையை முளைக்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது. அதைச் சாதித்துக் காட்டியவர் சாத்து மேனன். பெயர் என்னவோ கலெக்டருக்குத்தான் போச்சு. 1846-ல் நட்ட மரங்கள் இன்றும் நிற்கிற அந்த இடம்தான் 'கனோலி பிளாட்'. வெட்டிய மரங்களைச் சாலியாற்றில் மிதக்கவிட்டு, கோழிக்கோடு கல்லாய்க்குக் கொண்டுபோனார்கள். அரசு டிப்போக்களில் தேக்கு ஏலம் இன்றும் நடக்கிறது.

சிக்கல் எங்கே தெரியுமா? தேக்கு கோடையில் இலையை உதிர்க்கும் மரம். மார்ச்சில் போனால் காலடியில் சருகுதான் நொறுங்கும். ரீல்ஸில் பார்க்கிற அந்தப் பச்சை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மழைக்காலத்துப் பச்சை. அதனால் ரீல்ஸ் பார்த்துக் கிளம்புகிறவர்கள் குறிவைப்பதும் அந்த மாதங்களைத்தான். ஊர் பயப்படுகிற மாதங்களும் அவைதான்.

2019 ஆகஸ்டில் நிலம்பூரை அடுத்த கவளப்பாறையில் மலை சரிந்து 59 பேர் இறந்தார்கள். 2024 ஜூலை 30-ம் தேதி சரிந்தது வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும். ஆனால், அங்கே அடித்துச் செல்லப்பட்டவர்களின் உடல்கள் பல கரை ஒதுங்கியது நிலம்பூர் பக்கம், இதே சாலியாற்றில். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை, இந்தப் பக்கம் வெள்ளமா வரும். நீங்க நிற்கிற இடத்தில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். ஆறு பொங்கும்.

'சீசன் எப்போ?'ன்னு கேட்டால் 'மழைக்காலம் சூப்பர்'னு சொல்லி முடிக்கிற டிராவல் வீடியோக்கள் மேல் எனக்குக் கோபமே அதனால்தான். அதிகாரிகள் ரெட் அலர்ட் விடுவதோடு சரி. வெளியூர்க்காரர் கண்ணில் அது படுவதே இல்லை. ரயில் டிக்கெட் புக் பண்ணும்போதே அந்த எச்சரிக்கையும் மொபைலுக்கு வந்தால் என்ன குறைஞ்சிடும்?

நவம்பர், டிசம்பரில் போங்க. மழை குறைந்திருக்கும், இலையும் முழுசா உதிர்ந்திருக்காது. கனோலி பிளாட் திறந்திருக்கான்னு வனத்துறையிடம் முதலில் கேட்டுக்கோங்க, அங்கே போக ஆற்றைத் தாண்டணும். 1995-ல் திறந்த தேக்கு மியூசியத்துக்கு அரை நாள் ஒதுக்குங்க. யானை நடமாட்டம் உள்ள ஊர், இருட்டியதும் காட்டோரம் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிற வேலை வேண்டாம். இல்லை, ஜூலையிலதான் லீவு கிடைக்கும்னா ரயிலில் போய் ரயிலிலேயே திரும்பிடுங்க. ஜன்னல் சீட்டிலிருந்தே அந்தப் பச்சை முழுசா கிடைக்கும்.