மகிழடியில் மாட்டிக்கொண்டவர்



"சங்கீதச் சிறப்பிதழா, அதுவும் தண்டையார்பேட்டையிலிருந்தா?" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். சபாக்கள் மயிலாப்பூர்ப் பக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டுக் கட்டியவர்கள் வந்து வசமாக மாட்டிக்கொண்டது நம்ம பக்கம்.

தியாகராஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1830களின் கடைசியில் பட்டணம் வந்தவர், பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில் தங்கினார். சீடர் வீணை குப்பய்யர் அழைக்க, திருவொற்றியூர் போய் வடிவுடையம்மன் மேல் ஐந்து கிருதிகள் பாடினார். அந்தக் கோயிலில் சுவாமி பெயரும் தியாகராஜர்தான். ஆக, பாட்டின் முடிவில் வரும் முத்திரை புலவரின் கையெழுத்தா, அம்பாளின் வீட்டுக்காரர் பெயரா? போதாக்குறைக்குக் குப்பய்யரின் மகனும் அதே பெயரில் வளர்ந்து, திருவொற்றியூர் தியாகய்யர் என்று புகழ்பெற்றார். இன்றைக்குத் தியாகராயா கல்லூரி மெட்ரோவில் ஏறி, நம்ம ஸ்டேஷனைத் தாண்டித் தேரடியில் இறங்குகிறவர், ஒரு தியாகராயரிடமிருந்து இன்னொருவரிடம் போகிறார்.

தியாகராஜர் ஊர் திரும்பும்போது நடந்ததாக ஒரு கதை உண்டு. முதலியார் ஆயிரம் பொன்னை அவருக்குத் தெரியாமல் பல்லக்கில் வைத்துவிட்டார். வழியில் திருடர்கள் கல்லெறிந்தார்கள். விஷயம் தெரிந்த தியாகராஜர், கொடுத்துத் தொலையுங்கள் என்றாராம். அது ராமநவமி உற்சவத்துக்கான பணம் என்றான் சீடன். அப்படியானால் ராமனே பார்த்துக்கொள்ளட்டும் என்று சாய்ந்துவிட்டாராம். இரண்டு இளைஞர்கள் அம்பு விட்டு விரட்டினார்கள் என்று கதை முடிகிறது.

இன்று சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் மணலியில்தான், அவ்வூர் முதலியார்களின் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் இருந்தது. கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டு வாசித்ததைக் கேட்டார் இளம் முத்துசுவாமி தீட்சிதர். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டை எடுத்து, அம்பாள் மேல் சமஸ்கிருதத்தில் பாட்டாக்கிவிட்டார். கம்பெனிச் சிப்பாய் அதைக் கேட்டிருந்தால் விறைப்பாக நின்றிருப்பானா, கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பானா?

ஆனால் என் ஓட்டு சுந்தரருக்குத்தான். தேவாரம் பாடிய மூவரில் ஒருவர். சிவனையே தோழனாக வைத்துக்கொண்டு வேலை வாங்கியவர். திருவாரூரில் பரவையார் இருக்க, ஒற்றியூரில் பூத்தொடுக்கும் சங்கிலியாரைப் பார்த்து மயங்கினார். சிவனைத் தூது அனுப்பினார். அந்தப் பெண் விவரமானவர். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்.

சுந்தரர் யோசித்தார். சன்னதியில் சத்தியம் செய்தால் மீற முடியாது. அதனால் தோழரிடம், "நான் சத்தியம் செய்யும் நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளியே போய் மகிழமரத்தடியில் இரும்" என்று ஏற்பாடு செய்துகொண்டார். சிவனும் தலையாட்டினார். ஆட்டிவிட்டு நேரே சங்கிலியாரிடம் போய், மகிழடியிலேயே சத்தியம் வாங்கு என்று காதில் போட்டுவிட்டார்! மறுநாள் சன்னதிக்குக் கிளம்பியவரைத் தோழிகள் மரத்தடிக்குத் திருப்பினார்கள். என்ன செய்வார்? செய்தார். வசந்தம் வந்ததும் திருவாரூர் ஆசையில் ஊர் எல்லையைத் தாண்ட, கண்பார்வை போயிற்று. வழியில் வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண் என்று தவணை முறையில்தான் திரும்பக் கிடைத்தது. கொடுக்கும்வரை அவர் பாட்டில் வைத வசவு கொஞ்சமல்ல. அதையும் திருமுறையில் சேர்த்துப் பாடிக்கொண்டிருக்கிறோம். நம் பக்தியில் அதற்கும் இடம் உண்டு.

மாசி பிரம்மோற்சவத்தில் மகிழடி சேவை நடக்கிறது. பார்க்காதவர்கள் ஒருமுறை போய்வாருங்கள். ஒன்றுதான் எனக்குக் குறை. சுந்தரர் கட்சி பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள், சங்கிலியார் தரப்பை யாரும் கேட்பதில்லை. வாசகிகள் யாராவது எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்