கணிப்பொறியும் எழுத்தும்

அச்சுக் கருவி நம் நாட்டிற் புகுந்த நாள்தொட்டு, கருவிக்கேற்ப எழுத்து வளைவதா, எழுத்துக்கேற்பக் கருவி திருந்துவதா என்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. 1761இல் புதுச்சேரியினின்று கைப்பற்றிக் கொணர்ந்த அச்சுப்பொறி வேப்பேரியில் பப்ரீஷியஸ் ஐயரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பின்னர்ச் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்து ஹண்ட் என்பார் வார்ப்பித்த சிற்றெழுத்துக்கள், வின்ஸ்லோவின் பேரகராதியை 1862இல் ஒரே தொகுதியுள் அடக்கின. அவர்கள் எழுத்தைச் சிதைத்திலர், ஈயத்தைத் திருத்தினர். இக்காலத்து மென்பொருள் செய்வார்க்கு அப்பொறுமை உண்டா என்பதே எமது வினா.

இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை, அழைப்பிதழும் பேனரும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் செய்யும் டிசைன் கடைகள் பல. பேஜ்மேக்கர் என்னும் மென்பொருள் 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அவ்வாறிருந்தும் அதனை விடாதார் இன்றும் உளர். பழைய ஃபாண்ட்களைக் கொண்டு அதிற் காணும் தமிழ் மெய்யில் தமிழன்று; ஆங்கில எழுத்தின் இருக்கையிற் புனைந்த வேடமே. ஃபாண்ட் நீங்கின் வேடமும் கலைந்து, பொருளற்ற ஆங்கிலக் குப்பையே எஞ்சும். யூனிகோடிலோ 1991 முதலே தமிழுக்குத் தனியிடம் உண்டு. ஆயினும் அவ்வெழுத்தைக் கோக்க அறியாத மென்பொருளில் ஒற்றைக்கொம்பு மெய்யின் முன் நில்லாது பின்னே சென்று நிற்கும். காசிமேட்டிற் காலமான முதியவர் ஒருவரின் பெயர் இவ்வாறு கொம்பு பிறழ்ந்து சுவரேறியதை யாம் கண்டோம். வீட்டார் அதனைப் பார்த்தனர், ஒன்றும் பேசினாரிலர். கடைக்காரரை யாம் கடியோம். வாடகைக்கு அஞ்சுவார் கைபழகிய கருவியை எளிதில் விடுவரோ? ஆனால் விலையின்றிக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பும், ஸ்கிரைபஸின் புதிய பதிப்பும் யூனிகோடுத் தமிழைப் பிழையின்றிக் கோக்கின்றன. மாதந்தோறும் பணம் கட்டி வாங்கும் பெரும்பெயர் மென்பொருள்களின் முன்னைப் பதிப்புகளிலோ, மறைவானதோர் அமைப்பைத் தேடி மாற்றினாலன்றித் தமிழ் சிதைந்தே தோன்றும். பணம் கொடுத்தவனுக்கு அப்பெருமையும் கிட்டிற்று!

விசைப்பலகையில் எமது வாக்கு தமிழ்99க்கே. 1999இல் அரசு ஏற்ற அம்முறையில் உயிரும் மெய்யும் அறிந்தார்க்கு உயிர்மெய் தானே பிறக்கும். ககரத்தை இருமுறை தட்டின் முன்னதிற் புள்ளி தானே ஏறும். தொல்காப்பியம் கற்றார்க்கு இதனினும் இயல்பானது வேறில்லை. ஆங்கில ஒலிவழித் தட்டுதல் விரைவானது என்பர் எம் வகுப்புத் தோழர். தமிழ்ச் சொல்லை எழுதுமுன் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டும் அவ்வழக்கம் எமக்கு உவப்பன்று.

இனி நிரல்மொழி. பைத்தனிடம் 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் யாதெனக் கேட்பின் ஐந்து என்னும். இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகின்றது. எமக்கோ எழுத்து மூன்றே. அச்சொல்லைத் திருப்பி எழுதச் சொன்னால் புள்ளி தலையில் நின்று தள்ளாடும். இக்குறை நீக்கவே ஓப்பன் தமிழ் என்னும் நூலகம் பைத்தனுக்கு அமைந்துளது. அஃது எழுத்தை எழுத்தாகவே பிரித்துத் தரும். அவலோகிதம் என்னும் மென்பொருள் ஒருபடி மேற்சென்று, வெண்பாவின் அசையும் சீரும் தளையும் காட்டுகின்றது. யாப்பு வகுப்பில் அலகிட்டுத் தளர்ந்த யாம் அதனைக் கண்டு மகிழ்ந்தோம்; அலகிடும் பயிற்சியைக் கைவிடுதற்கு அதனைச் சாக்காகக் கொள்ளுதலை ஒப்போம்.

கட்டளைகள் யாவும் தமிழிலேயே அமைந்த எழில் என்னும் நிரல்மொழியும் உண்டு. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தமிழ்வழிப் பள்ளியிற் பயிலும் சிறுவர்க்கு, ஆணையின் நிரலொழுங்கை ஆங்கில அச்சமின்றிக் கற்பிக்க அஃது ஏற்றது. பிழைப்பு நாடும் இளைஞர்க்கு அதனோடு நிற்றல் போதாது, பைத்தனும் வேண்டும். தமிழ் மட்டும் என்பாரோடும், தமிழ் எதற்கு என்பாரோடும் யாம் சேர்ந்திலோம். திருவொற்றியூர்க் கோயிலில் வியாகரண தான மண்டபம் என இலக்கணம் ஓதுதற்கே சோழர் காலத்தில் ஒரு மண்டபம் இருந்தமையைக் கல்வெட்டுக்கள் கூறும். விதி வகுத்துச் சொல்லை ஆக்கும் கலை எம் கடற்கரைக்குப் புதிதன்று.

நம் கல்லூரியிற் கணிப்பொறி வகுப்புக்களும் தமிழ் வகுப்புக்களும் ஒன்றையொன்று அறியாமலே நடைபெறுகின்றன. வாரம் ஒருமணி இரு துறை மாணாக்கரும் கூடியமர இடமளிக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றோம். அடுத்த ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதி முழுவதையும் யூனிகோடிற் கோத்து, மெய்ப்பும் பார்த்துத் தர யாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.